நான் எழுதிய பூசணியும் அவர்கள் சமைத்த பூசணியும்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். இடப்பக்கம் மஞ்சள் பூசணி, வலப்பக்கம் வெள்ளைப் பூசணி. நார்ச்சத்து, வைட்டமின், பொட்டாசியம் என்று வரிசையாகப் போட்டு, அடியில் ஒரு கேள்வி: "அக்கா, ரெண்டுல எது சத்துன்னு போடலாம்?" அட்டவணையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு காய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பதில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இதோ இப்போது மொத்தமாக எழுதுகிறேன், புதிதாக உணவியல் வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் பார்த்தால் மஞ்சளுக்குத்தான் வெற்றி. அந்த நிறமே உடம்புக்குள் போய்க் கண்ணுக்கு வேண்டிய சத்தாக மாறுகிறது. வெள்ளைப் பூசணி பாவம், கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எதைச் சமைக்கலாம் என்று ஒரு தாய் கேட்டால் யோசிக்காமல் மஞ்சளைச் சொல்லுவேன். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போனவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் கதை தலைகீழ். மஞ்சளில் இருக்கும் பொட்டாசியத்தை அவர் உடம்பால் வெளியே தள்ள முடியாது. அது இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுகூடப் போகலாம். அவருக்கு அந்தத் தண்ணீர்க்காய்தான் தோழன். இதெல்லாம் நீங்கள் படித்துத் தேறிய பாடம். நான் சொல்லப்போவது நான் தேறாத பாடம்.

அப்போது நான் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவியல் அதிகாரி. சிறுநீரக நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாள் கொடுப்போம். அது மலாயில் மட்டும்தான் இருந்தது. 'லாபு' வேண்டாம், 'குண்டுர்' சாப்பிடலாம் என்று அதில் போட்டிருக்கும். லாபு என்றால் மஞ்சள் பூசணி, குண்டுர் என்றால் வெள்ளை. இந்த நாட்டில் காய் வாங்கப் பாசாருக்குப் போகிற எவருக்கும் இதில் குழப்பம் வராது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம் மக்களுக்கு நம் மொழியில் ஒரு தாள் கூடாதா என்று மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றேன். தமிழ் தட்டச்சுக்கு ஆள் இல்லை என்றார், நானே செய்கிறேன் என்றேன். சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு காய்க்கும் தமிழ்ப் பெயர் தேடி எழுதினேன். ஒரு மலாய்ச் சொல் கலக்கவில்லை. அந்தப் பெருமை இருக்கிறதே, அது என் தலைக்கு மேல் ஒரு முழம் ஏறி உட்கார்ந்திருந்தது.

எங்கள் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் மஞ்சள் காய் பரங்கிக்காய், வெள்ளைக் காய் பூசணிக்காய். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அப்படியே எழுதினேன். 'பூசணிக்காய்: தாராளமாகச் சாப்பிடலாம். வேகவைத்த தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. பரங்கிக்காய்: தவிர்க்கவும்.' பிழை பார்க்க என் அக்காவிடமும் அத்தானிடமும் கொடுத்தேன். ஒரு சந்திப்பிழை கண்டுபிடித்தார் அத்தான். ஒரே ஊர்ச் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்த மூன்று பேர் பார்த்து, மூன்று பேரும் சரி என்றோம். என்னோடு வேலை செய்த மலாய், சீனத் தோழிகள் எழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள். அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்?

அந்தத் தாளை வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர் கோபால். ஜெலாப்பாங்கில் ஒரு கம்பெனிக்கு லோரி ஓட்டுபவர், வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி, அங்கேயே ஒரு வீடு வாங்கிக் குடியிருந்தார். மனைவி லெட்சுமி பள்ளிக்கூடக் கண்டினில் சமையல். கோபாலின் சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது, ஆனால் சாப்பாட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச காலம் டயாலிசிஸ் இல்லாமல் ஓட்டலாம் என்ற நிலை. டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள். லோரி முதலாளி எத்தனை மாதம் பொறுப்பார்? அவருக்கு அதுதான் பயம்.

தாளைக் கையில் வாங்கியவர் என் முன்னாலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படித்தார்.

"மொத தடவ நம்ம பாஷையில குடுக்குறாங்க மிஸ்ஸி," என்றார். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான். "எல்லாம் நல்லா வெளங்குது."

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். பொட்டாசியம் ஏறியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னோடு வேலை செய்த உங்களில் சிலருக்குத் தெரியும். அழகான தமிழில் எழுதிக் கொடுத்தும் இப்படியா என்று இருந்தது.

"தாள்ல உள்ளபடி சாப்பிட்டீங்களா அண்ணே?"

"ஆமா மிஸ்ஸி."

"லோரி ஓட்டுறவங்க கோப்பிக் கடையில நிறுத்தாம போவீங்களா?"

"நிறுத்துவேன். வெறுந்தண்ணி குடிப்பேன்."

நான் லெட்சுமியைப் பார்த்தேன். "அக்கா, நீங்க வீட்டுல சரியாத்தான் சமைக்கிறீங்க போல. வெளியில என்ன நடக்குதுன்னு நீங்கதான் பாக்கணும்."

லெட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அதை உண்டாக்கியது நான். அத்தோடு விட்டேனா? கோபாலின் ஃபைலில் மலாயில் இரண்டு சொற்கள் எழுதினேன். 'தீடாக் பாத்தூ'. சொன்னபடி நடக்காதவர் என்று அர்த்தம். எழுதி, ஃபைலை மூடி, கவுண்டரில் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை இன்னும் அதிகம். டாக்டர் உடனே இதயத் துடிப்பைப் படம் எடுக்கச் சொல்லி, பொட்டாசியத்தை இறக்க அவசர மருந்து கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அந்த டாக்டர் மலாய்க்காரப் பெண், என்னைவிட மிகவும் இளையவர், வளவளவென்று பேச மாட்டார்.

"சாப்பாட்டால் ஏறுகிறதா, சிறுநீரகத்தால் ஏறுகிறதா?" என்று மலாயில் கேட்டார். "அவர் ஏமாற்றிச் சாப்பிடுகிறார் என்றால் கண்டித்து, ஒரு மாதம் தருகிறேன். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறுகிறது என்றால் சிறுநீரகம் முடிந்துவிட்டது. கையில் ஆபரேஷன் செய்து டயாலிசிஸுக்கு ஏற்பாடு பண்ண வேண்டும். மதியத்துக்குள் சொல்லுங்கள்."

இப்படி ஒரு கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரும். ஒன்று அல்லது மற்றது என்று கேட்பார்கள், கடிகாரத்தைக் காட்டுவார்கள். அப்போது மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

கோபாலைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொன்னபடி சாப்பிட்டும் ஏறுகிறது என்றால் டயாலிசிஸ்தான், வேறு வழி இல்லை என்றேன்.

"அப்போ நான் வெளிய சாப்பிட்டேன்னு சொன்னா ஒரு மாசம் தப்பிச்சிருவேன்."

"ஆமா."

"ஆனா நான் சாப்பிடலியே மிஸ்ஸி. சாப்பிடாதத எப்படி லா சாப்பிட்டேன்னு சொல்றது? இப்ப தண்ணிகூட அவதான் போத்தல்ல ஊத்திக் குடுக்குறா. கோப்பிக் கடைப் பக்கமே போறதில்ல. வீட்டுல என்கிட்ட பேச்சும் இல்ல."

என் கோபம் இறங்கிய இடம் அதுதான். தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஒரு பொய் சொன்னால் போதும், ஆள் வெளியே போக மாட்டேன் என்கிறார். இவர் பொய்யர் இல்லை. அப்படியென்றால் பதில் சிறுநீரகம்தான். மனம் கனத்துப்போய், டாக்டரிடம் சொல்ல எழுந்தேன்.

கதவைத் தட்டாமலே லெட்சுமி உள்ளே வந்தார். கையில் அடுக்கு டப்பா. கணவருக்கு மதியச் சாப்பாடு.

"மிஸ்ஸி, இதான் அவரு திங்கிறது. காலையில பசியாற ஒன்னு, மதியம் ஒன்னு, ராத்திரிக்கு ஒன்னு, எல்லாம் என் கையால. நீங்களே தின்னு பாருங்க. எங்க தப்புன்னு காட்டுங்க, இன்னிக்கே திருத்திக்கிறேன்."

டப்பாவை என் மேசையில் வைத்துத் திறந்தார். மேலே சோறு. அடுத்த அடுக்கில் கோழித் துண்டு ஒன்று, அளவாக. கடைசி அடுக்கு பெரியது. அது முழுக்கக் கடுகு தாளித்து, பளபளவென்று, தங்க நிறத்தில் துண்டு துண்டாக.

"இது என்னா?" என்றேன்.

"பூசணிக்காய்."

"இது பூசணிக்காய் இல்ல. பரங்கிக்காய்!"

லெட்சுமி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என்னா மிஸ்ஸி, பெரிய படிப்பு படிச்சிருக்கீங்க, பூசணிக்காய் தெரியாதா?"

"அப்போ பரங்கிக்காய்னா என்னா?"

"பரங்கின்னா வெள்ளக்காரன்தானே? வெள்ளக்காரன் காயி. புரோக்கோலி." கொஞ்சம் யோசித்து, "அது மட்டும் இல்ல, காலிபிளவர், சாலட் எல எல்லாத்தையும் நிறுத்திட்டேன். எது பரங்கி, எது பரங்கி இல்லன்னு எனக்கென்ன தெரியும்? குளுகுளுப் பெட்டியில வச்சு விக்கிறது எதையும் வாங்குறதில்ல," என்றார்.

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "அக்கா, குண்டுர் தெரியுமா?"

"தெரியாம என்னா? துங் குவா. பாசார்ல சீனத்தி வெட்டி வச்சு விப்பா. சாம்பப்பூசணி. கட தொறக்கும்போது திருஷ்டிக்கு ஒடைப்பாங்களே." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அதையா திங்கச் சொன்னீங்க?"

அவருக்கு அந்தக் காய் மலாயில் தெரியும், கன்டனீஸில் தெரியும், அவர் வீட்டுத் தமிழிலும் தெரியும். என் வீட்டுத் தமிழில் மட்டும்தான் தெரியாது.

"எத்தன வேள குடுத்தீங்க?" என்றேன். கேட்கவே பயமாக இருந்தது.

"மொதல்ல ஒரு வேள. போன தடவ நீங்க அப்படிச் சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் மத்ததையெல்லாம் கொறச்சிட்டு மூணு வேளையும் இதான். வெந்த தண்ணியையும் குடிக்க வச்சேன். வடிக்க வேணாம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

காயிலிருந்து பொட்டாசியம் இறங்குவதே அந்தத் தண்ணீரில்தான். அந்த மனிதர் நான் சொன்னதைக் கேட்கக் கேட்கத்தான் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. நான் திட்டிய பிறகு இன்னும் அக்கறையாகக் கேட்டார், இன்னும் ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன். லெட்சுமி அழவில்லை. கணவர் பக்கம் திரும்பி, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும், கோபால் தலையை ஆட்டிய விதம் அப்படி இருந்தது.

டாக்டர் அறைக்கு ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"பழைய மலாய்த் தாளில் என்ன இருந்தது?"

"லாபு, குண்டுர்."

"அவருக்கு மலாய் படிக்கத் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆபரேஷன் இப்போது வேண்டாம். ஒரு மாதம் பார்ப்போம்," என்றவர், நான் கதவருகே போகும்போது கேட்டார்: "இந்தத் தாள் வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது?"

கமுந்திங் கிளினிக்குக்கு ஒரு கட்டு அனுப்பியிருந்தேன். பாரிட் புந்தாருக்கு ஒரு கட்டு. நானே கேட்டு, நானே கெஞ்சி அனுப்பியது.

அன்று மதியமே தொலைபேசியை எடுத்து, தாள் வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். தாளில் பிழை, மன்னியுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்குள் வேறொன்று முளைத்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "உங்க வீட்டுல பூசணிக்காய்னா என்ன நிறம்?" சிலர் மஞ்சள் என்றார்கள், சிலர் வெள்ளை. "வெட்டுனா மஞ்சள், வெட்டாட்டி பச்சை," என்றார் பாரிட் புந்தாரில் ஒருவர், தன்னைச் சோதிக்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு. கமுந்திங்கில் ஓர் அம்மா மஞ்சள் காயை அரசாணிக்காய் என்றார். அவருடைய ஆட்கள் சேலம் பக்கமாம். இன்னொருவருக்கு அது சர்க்கரைப் பூசணி, அதனால் இனிப்புநீர் நோய் வந்த அன்றே அதை வீட்டைவிட்டு விரட்டியிருந்தார், என் தாள் அவரை ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைக் காய்க்குக் கல்யாணப் பூசணி, நீர்ப்பூசணி, தடியங்காய். இந்த மாநிலத்துக்கு வந்து நான்கு தலைமுறை ஆகியும், ஊர்ப் பெயரை மறந்த குடும்பங்கள்கூடக் காயின் பெயரை மறக்காமல் வைத்திருந்தன. பயந்துகொண்டே ஆரம்பித்த வேலை, மூன்றாவது நாள் எனக்கு ஆசையாகிவிட்டது. நல்லவேளையாக வேறு யாருக்கும் ஆபத்து வரவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என் மேசையில் இரண்டு காய்த் துண்டுகள் இருக்கும். வாடினால் வேறு வாங்கி வைப்பேன். புதிதாக வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டி, "இதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு?" என்று கேட்பேன். அவர் சொல்லும் பெயரைத்தான் அவருடைய தாளில் எழுதுவேன், பக்கத்தில் மலாய்ப் பெயரும். 'தாளில் உள்ளபடி சாப்பிட்டீர்களா' என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு உண்மையான ஆளும் ஆமாம் என்பார், பொய்யரும் ஆமாம் என்பார், என் தாளைத் தப்பாகப் புரிந்துகொண்டவரும் ஆமாம் என்பார். நேற்று என்ன சமைத்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், படம் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேளுங்கள். அலுப்பாக இருக்கும். கேளுங்கள்.

ஒரு மாதம் முடிந்தது. கோபாலின் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டயாலிசிஸ் பேச்சைத் தள்ளி வைத்தார் டாக்டர். அன்று இருவரும் என் அறைக்கு வந்தார்கள்.

"அந்தக் குண்டுர்ல ஒரு ருசியும் இல்ல மிஸ்ஸி," என்றார் லெட்சுமி, உட்காருவதற்கு முன்பே. "பச்சத் தண்ணிய மென்னு திங்கிற மாதிரி இருக்கு."

நான் சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். "அண்ணே, தப்பு முழுக்க என்னோடது. உங்கள நம்பாம போனதுதான் அதுலயும் பெரிய தப்பு," என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கொண்டுவந்த ஃபைலைப் புரட்டி ஒரு பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி, விரலை வைத்தார்.

"இத மட்டும் அடிச்சிருங்க மிஸ்ஸி."

தீடாக் பாத்தூ.

"இதப் படிச்சீங்களா?"

"கவுண்டர் வரைக்கும் நான்தானே தூக்கிட்டுப் போனேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "எனக்குன்னு நீங்க எழுதுனது தமிழ்ல இருந்துச்சு. அத தப்பா வெளங்கிக்கிட்டேன். என்னப் பத்தி எழுதுனது மலாய்ல இருந்துச்சு. அது சரியாத்தான் வெளங்குச்சு."

ஃபைலில் எழுதியதை அழிக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடு போட்டேன். 'சொன்னபடி நடந்தவர். பிழை என்னுடையது' என்று எழுதினேன், மலாயில். என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

கோபால் அதை ஒரு தடவை படித்தார். பிறகு லெட்சுமிக்குக் காட்டினார். இருவரும் எழுந்தார்கள். அந்தப் பக்கத்தை மூடாமல், விரித்தபடியே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.